பூட்டிய வீடுகளில் புகுந்த வெளிச்சம்

வீடுகள் இருந்தும் மனிதர் இல்லாத ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? இத்தாலியின் தெற்கே, கலாப்ரியா பிரதேசத்துக் குன்றின்மேல் உள்ள ரியாச்சே அப்படித்தான் இருந்தது. வாலிபர்கள் பிழைப்புத் தேடி வடக்கேயும் கடல் கடந்தும் போய்விட, வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது.

1998-ல் சுமார் 200 குர்து அகதிகளுடன் ஒரு படகு அந்தக் கரையில் ஒதுங்கியது. காலி வீடுகளில் அவர்களைக் குடியேற்ற முன்வந்தார் உள்ளூர் ஆசிரியர் டொமெனிக்கோ லூக்கானோ. 2004-ல் அவரே மேயருமானார். பிறகு ஆப்கானியர், எரித்ரியர், சோமாலியர் என்று பலரும் வந்தார்கள். உள்ளூராரும் வந்தவர்களும் பட்டறைகளில் சேர்ந்து நெய்தார்கள். குறுகிய சந்துகளில் கழுதைகளைக் கொண்டு குப்பை அள்ளினார்கள். பள்ளிக்கூடத்தில் மறுபடியும் பிள்ளைகளின் இரைச்சல்!

2018-ல் வந்தது சோதனை. சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு உதவியதாக லூக்கானோ கைதானார். அகதிகளை வேறிடம் மாற்ற அரசாங்கம் உத்தரவிட்டது. பலர் மூட்டை கட்டினார்கள். சில வீடுகளில் மீண்டும் பூட்டு. 2023-ல் மேல்கோர்ட்டு பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளியது. 2024-ல் ஊரார் அவரையே மறுபடி மேயராக்கினார்கள்.

அயலார் வந்தால் ஊரின் முகம் மாறிவிடும் என்பார்கள். மெய்தான். ஆனால், அடுப்பே புகையாத வீட்டைவிட, அயலார் அடுப்பாவது புகையும் வீடு மேல் அல்லவா?