அமெரிக்கா எரிவாயு கதவைத் திறந்தா, திண்டிவனம் யூரியா மூட்டைக்கு என்ன ஆகும்?

சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு விழுப்புரம் மாவட்டத்தில் எந்தப் பட்டம் வந்தாலும் மேலுரம் போட யூரியா வேணும். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் கரும்புக்கும் அதேதான். அந்த யூரியாவுக்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு. நம் நாட்டின் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டில் இருந்து கப்பலில் வருகிறது. அதனால், எரிவாயு ஏற்றுமதி பற்றி வாஷிங்டனில் எழுதப்படும் சட்டம் திண்டிவனம் வயல்வெளி வரை வந்து சேரும். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் எரிவாயு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவது 1938-ல் வந்த இயற்கை எரிவாயுச் சட்டம். தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கு அனுமதி உடனே கிடைத்துவிடும். ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கு அனுப்ப வேண்டுமென்றால், அது பொதுநலனுக்கு எதிரானதா என்று எரிசக்தித் துறை ஆராய்ந்து முடிவெடுக்கும். இந்தியா இந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறது.

இந்த ஆய்வையே எடுத்துவிடும் மசோதாவை, பிரதிநிதிகள் சபை 2024 பிப்ரவரி 15 அன்று 224-200 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை. அதற்கு 20 நாள் முன்புதான் பைடன் அரசு புதிய ஏற்றுமதி அனுமதிகளை நிறுத்தி வைத்திருந்தது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற ட்ரம்ப், முதல் நாளிலேயே விண்ணப்பப் பரிசீலனையை மீண்டும் தொடங்க உத்தரவிட்டார்.

ஆனால் ஒரு அதிபர் போட்ட உத்தரவை அடுத்த அதிபர் மாற்றிவிடலாம், சட்டத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. 20 வருஷத்துக்கு ஒப்பந்தம் போடும் நாடுகளுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

இந்தியாவுக்கு ஏற்கெனவே வருதா?

வருது. 2011 டிசம்பரில் கெயில் நிறுவனம், அமெரிக்காவின் செனியர் நிறுவனத்துடன் ஆண்டுக்கு 35 லட்சம் டன் வாங்க 20 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அதன் முதல் கப்பல் 2018 மார்ச்சில் மகாராஷ்டிராவின் தாபோல் வந்து சேர்ந்தது.

இதன் விலைக் கணக்கு எளிமையானது. அமெரிக்காவின் ஹென்றி ஹப் சந்தை விலையில் 115 சதவீதம், அதோடு 3 டாலர் கட்டணம். ஹென்றி ஹப் விலை 3 டாலர் என்றால், கப்பலில் ஏறும்போது 6.45 டாலர். விலை 6 டாலர் ஆனால் 9.90 டாலர். கப்பல் வாடகை, திரவத்தை மீண்டும் வாயுவாக்கும் செலவு, வரி எல்லாம் தனி. ஆக, அமெரிக்காவில் விலை ஏறினால் நம்ம பில்லும் ஏறும்.

ஏற்றுமதி கூடினால் விலை குறையுமா?

இங்கேதான் சிக்கல். சந்தைக்குச் சரக்கு அதிகம் வந்தால் உலக விலை இறங்க வேண்டும். ஆனால் ஏற்றுமதி பெருகும்போது அமெரிக்காவின் உள்நாட்டு விலை ஏறும். கட்டுப்பாடில்லாமல் ஏற்றுமதி நடந்தால், 2050-க்குள் உள்நாட்டு மொத்த விலை 30 சதவீதத்துக்கு மேல் உயரலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் 2024 டிசம்பர் ஆய்வு கூறியது. ஹென்றி ஹப் விலையோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல. ஸ்பாட் சந்தையில் அவ்வப்போது வாங்குபவர்களுக்கோ, சரக்கு பெருகுவது லாபம். இந்தியா இரண்டு விதமாகவும் வாங்குகிறது.

யூரியாவும் சி.என்.ஜி.யும்

45 கிலோ யூரியா மூட்டையின் அதிகபட்ச விலை 242 ரூபாய். வேம்புப் பூச்சுக் கட்டணம், வரி சேர்த்து சுமார் 267 ரூபாய். எரிவாயு விலை ஏறினாலும் கடையில் இந்த விலை மாறாது, வித்தியாசத்தை மத்திய அரசு மானியமாகக் கட்டுகிறது. உக்ரைன் போருக்குப் பிந்தைய 2022-23-ல் மொத்த உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. விவசாயி கையில் இருந்து நேரடியாகப் போகாவிட்டாலும், அது வரிப்பணம்தான். மணலியில் உள்ள மெட்ராஸ் உரத் தொழிற்சாலை 2019-ல் நாப்தாவில் இருந்து எரிவாயுவுக்கு மாறியது. அதே ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்ட எண்ணூர் முனையத்தில் இருந்து அதற்கு வாயு போகிறது.

சி.என்.ஜி. ஆட்டோ, கார் ஓட்டுபவர்களுக்கு மானியக் கவசம் கிடையாது. உள்நாட்டு மலிவு வாயுவில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் 2024 அக்டோபர், நவம்பரில் அந்த ஒதுக்கீடு குறைக்கப்பட்டபோது, விநியோக நிறுவனங்கள் விலை கூடிய வாயுவை வாங்க வேண்டி வந்தது. எண்ணூரில் இருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குத் திட்டமிட்ட குழாய்ப்பாதை விழுப்புரம் மாவட்டத்தைத் தொடாமல் போக முடியாது. குழாய் வந்தால் வாயு கிடைப்பது எளிதாகும். விலை மட்டும் கப்பலைப் பொறுத்ததுதான்.

அப்போ நம்ம மண்ணிலேயே எடுக்கலாமே?

இந்தக் கேள்விக்கும் இந்த மாவட்டத்தில் ஒரு வரலாறு இருக்கு. 2018-ல் மத்திய அரசின் முதல் திறந்தவெளி உரிம ஏலத்தில், விழுப்புரம் - புதுச்சேரிப் பகுதியின் ஹைட்ரோகார்பன் தொகுதி வேதாந்தாவுக்குப் போனது. மரக்காணம் வட்டார மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். 2019 ஜூனில் மரக்காணத்தில் இருந்து ராமேஸ்வரம் வரை மனிதச் சங்கிலிப் போராட்டம் நடந்தது. 2020 பிப்ரவரியில் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. அதில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களும் இடம்பெற்றன. விழுப்புரம் இல்லை.

சுருக்கமாக, வெளியில் இருந்து வாங்கினால் டாலர் விலையைச் சார்ந்திருக்க வேண்டும், இங்கேயே தோண்டினால் நிலத்தடி நீரும் கடலோர வாழ்வும் கேள்விக்குள்ளாகும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். ஒன்று, ஹென்றி ஹப் விலை. இரண்டு, மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கும் தொகை. அது குறைந்தால் மூட்டை விலை மீது அழுத்தம் கூடும். மூன்று, புதிய ஒப்பந்தங்களின் விலைச் சூத்திரம். அமெரிக்காவில் சட்டம் தளர்ந்தால் வாங்குவது சுலபமாகும், உண்மைதான். மலிவாகவும் இருக்குமா என்பதை அந்தச் சூத்திரம்தான் தீர்மானிக்கும்.