குட்டியானை எடுக்கப் போகிறீர்களா?

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எட்டயபுரம் ஆட்டுச்சந்தை நிறைந்துவிடும். வாங்க வந்தவர் கிடாயின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். இடுப்பில் கை வைத்துச் சதை பார்ப்பார். தூக்கி எடை பார்ப்பார். சொன்ன விலைக்கு யாரும் வாங்குவதில்லை. நூறு ரூபாய்க்காக அரை மணி நேரம் நின்று பேசுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அதே மனிதர்கள், அந்த ஆடுகளை ஏற்றிப் போக ஒரு சரக்கு வண்டி எடுக்க ஷோரூமுக்குள் நுழைந்ததும் வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். "அண்ணாச்சி, ஆன்ரோடு இவ்வளவு, கையில இவ்வளவு கட்டுங்க, மாசம் டியூ இவ்வளவுதான்" என்று மூன்று எண்களைச் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு அட்வான்ஸைக் கட்டிவிட்டு வருவோம்.

2005இல் டாடா ஏஸ் வந்தபோது, சின்ன உடம்பில் பெரிய சுமை தூக்கியதால் 'குட்டியானை' என்று பெயர் வாங்கிக்கொண்டது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் வேண்டும் என்பவர்களும் உண்டு. மிளகாய் வத்தல், உளுந்து மூட்டை, மக்காச்சோளம், ஆடு, கோவில்பட்டி தீப்பெட்டி பண்டல் என்று கரிசல் காட்டில் விளைவதும் செய்வதும் இன்று இந்த வண்டிகளில்தான் போகின்றன. ஆனால் இங்கே பூமி மானாவாரி. புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில்தான் காசு. டியூ மட்டும் மாதாமாதம் வரும். ஷோரூமில் ஏமாந்த முப்பதாயிரம், நாற்பதாயிரம் மழை பொய்த்த வருஷத்தில் வண்டியையே இழக்கச் செய்துவிடும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆன்ரோடு எண்ணை உடைக்க வேண்டும். அது ஒரு விலை இல்லை, ஏழெட்டு விலைகளின் மூட்டை. ஜி.எஸ்.டி. அடங்கிய எக்ஸ்-ஷோரூம் விலை, பதிவுக் கட்டணம், சாலை வரி, காப்பீடு, கூடுதல் உதிரிகள், நீட்டித்த வாரண்டி, அதற்கு மேல் பெயர் புரியாத ஒன்றிரண்டு செலவுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் எழுதி, கம்பெனி முத்திரையோடு கொட்டேஷன் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். கோவில்பட்டியில் இல்லையென்றால் தூத்துக்குடி, அங்கே இல்லையென்றால் திருநெல்வேலி, மதுரை. எட்டயபுரம் தூத்துக்குடி–மதுரை நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. ஒரே மாடலுக்கு மூன்று ஊர் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் விற்பனையாளரின் பேச்சே வேறாக இருக்கும்.

வரியில் சமீபத்தில் நடந்தது பலருக்கும் தெரியவில்லை. சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 6,00,000 ரூபாய் என்றால் முன்பு 7,68,000, இப்போது 7,08,000. அறுபதாயிரம் வித்தியாசம். "உங்களுக்காக ஸ்பெஷல் டிஸ்கவுண்ட்" என்று யாராவது இந்தக் குறைப்பையே தங்கள் தள்ளுபடிபோலக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது அரசு குறைத்தது. தள்ளுபடியை அதற்கு மேல் கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் வியாபாரி சரக்கு ஏற்ற வாங்கும் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவும் எடுக்க வழி உண்டு. அதை உங்கள் கணக்காளரிடம் கேட்டுவிட்டு பில் யார் பெயரில் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்று கொட்டேஷனில் ஒரு செலவு இருந்தால் அடித்து நீக்கச் சொல்லுங்கள். வண்டி ஷோரூமுக்கு வந்து சேர்ந்த செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. இதைக் கட்டச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. பதிவுக்கும் சாலை வரிக்கும் அரசு ரசீது வரும். அந்த ரசீதில் உள்ளதற்கு மேல் 'ஆர்.டி.ஓ. செலவு' என்று வாங்கியிருந்தால் எதற்கென்று கேட்கலாம். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிக்கு டீலரே பொருத்தித் தர வேண்டும்.

காப்பீட்டில்தான் அதிகம் இழக்கிறோம். டீலர் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நெருக்குவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022 ஜூனில் அமலுக்கு வந்த அறிவிப்பில் அது வருஷத்துக்கு 16,049 ரூபாய். எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அந்தப் பகுதி ஒன்றுதான். விலை மாறுவது சொந்தச் சேதப் பகுதியில். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போனால் அங்கேயே குறைப்பார்கள். சொந்தக் கார் எடுப்பவர் மூன்று வருஷ மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுத்தாக வேண்டும். சரக்கு வண்டிக்கு ஒரு வருஷம் போதும்.

காப்பீடு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மிளகாய் பறிக்கவும் களை எடுக்கவும் பெண்களைப் பின்னால் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகளை நம் சாலைகளில் தினமும் பார்க்கிறோம். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவர் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரிலேயே ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீடு முழுதும் வண்டிக்காரர் தலையில் விழும். செத்துப்போனவர் குடும்பத்துக்கும் அது எளிதில் கைக்கு வராது. டிரைவிங் லைசென்ஸில் ஒரு நல்ல செய்தி உண்டு. 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. பேட்ஜ் இல்லை என்று சொல்லி இழப்பீட்டை மறுத்த காலம் போய்விட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. பெர்மிட் செலவு என்று பணம் கேட்டால் வண்டியின் மொத்த எடையைத் தாளில் பாருங்கள்.

இனி கடன். "வட்டி எட்டே பர்சென்ட்தான்" என்றால் உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிளாட்டா, குறைந்துவரும் பாக்கிக்கா? 7,00,000 ரூபாய்க்கு 8 விழுக்காடு பிளாட், நான்கு வருஷம் என்றால் வட்டி 2,24,000. மாத டியூ 19,250. நீங்கள் ஒவ்வொரு மாதமும் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் வட்டியோ கடைசி மாதம் வரை முழு ஏழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 14 விழுக்காட்டுக்கு மேல். பக்கத்து வங்கி 11 என்று சொன்னதை அதிகம் என்று நினைத்து இந்த 8ஐ எடுத்தவர்கள் எத்தனை பேர்!

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக ரிசர்வ் வங்கி ஒரு விதியைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபர் 1க்குப் பிறகு தரப்படும் சில்லறைக் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும், கையெழுத்துக்கு முன்பே கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை விழுக்காடு என்ற எண் அதில் இருக்கும். "கே.எஃப்.எஸ். கொடுங்க" என்று கேளுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இரண்டு கடன்களை ஒப்பிட வேண்டும். கடன் ஒப்பந்தத்தின் நகலும் உங்களுக்குப் புரியும் மொழியில் விவரமும் தருவது நிதி நிறுவனத்தின் கடமை. வண்டியைத் திரும்ப எடுப்பதென்றால் எத்தனை நாள் நோட்டீஸ், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு எப்படி என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், தொகை எழுதாத செக்கும் கொடுக்காதீர்கள்.

ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் வழியாகவே எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. முத்ரா கடனில் சரக்கு வண்டி எடுக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து, அனுமதி கைக்கு வந்த பிறகு வண்டியை எடுங்கள். அவசரத்தில் எடுத்துவிட்டுப் பிறகு மானியத்துக்கு அலைகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

டியூ தேதியையும் பேசலாம். மகசூல் மாதங்களில் அதிகம், ஐப்பசி கார்த்திகையில் குறைவு என்று தவணையை அமைத்துத் தருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் யாரும் தருவதில்லை.

இத்தனைக்கும் பிறகு தகராறு வந்தால் எங்கே போவது? இங்கேதான் சரக்கு வண்டிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது. வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. டீலரின் வக்கீல் முதலில் எடுப்பதும் இந்த வாதத்தைத்தான்: "இது மஞ்சள் போர்டு வண்டி, இவர் நுகர்வோரே அல்ல." அதைக் கேட்டு மனம் தளர்ந்து வழக்கை விட்டவர்கள் உண்டு. விட வேண்டியதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்று அதே சட்டப்பிரிவின் விளக்கம் சொல்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாக எடுத்து இதை விளக்கியது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. வண்டியை முழுக்க முழுக்க இன்னொருவர் ஓட்டும்படி விட்டுவிட்டால்தான் போகும்.

ஆகவே புக்கிங் படிவத்திலேயே "சுயதொழில், பிழைப்புக்காக" என்று எழுதுங்கள். ஓட்டுபவர் நீங்கள்தான் என்பதற்கு உங்கள் லைசென்ஸ் சாட்சி. புகார் கொடுக்கும்போது முதல் பத்தியிலேயே இதைச் சொல்லுங்கள்.

முதலில் டீலருக்கும் வண்டிக் கம்பெனிக்கும் எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மதுரையில் வண்டி வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கடன் தொடர்பானது என்றால் நிதி நிறுவனத்துக்கு எழுதி 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. காப்பீட்டுப் புகாருக்கு 155255. டியூ தவறியதற்காக அடியாள் வைத்து வண்டியைத் தூக்கக் கூடாது என்று 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. அப்படி நடந்தால் அது போலீஸில் கொடுக்க வேண்டிய புகார்.

பணத்தைக் கையில் எண்ணிக் கொடுக்காதீர்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகக் கட்டினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் சாட்சி இருக்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டியில் 1 விழுக்காடு வரி பிடித்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

வண்டியை எடுக்கும் நாளில் மாலை போடுவதற்கு முன் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றை வாங்கிப் பாருங்கள். தயாரித்த மாதமும் வருஷமும் அதில் இருக்கும். போன வருஷத்து வண்டியை இந்த வருஷ விலைக்குத் தருகிறார்களா என்பது அப்போது தெரியும். பழைய வருஷ வண்டி தப்பில்லை, அதற்குரிய தள்ளுபடி வேண்டும், விற்கும்போது அந்த வருஷம்தான் பேசும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தாளோடு ஒப்பிடுங்கள். பதிவு இல்லாமல், தற்காலிகப் பதிவாவது இல்லாமல், டீலர் வண்டியை வெளியே விடக் கூடாது. கோவில்பட்டி அலுவலகத்தின் டி.என். 96 எண் விழும்வரை அந்தத் தாள் வண்டியிலேயே இருக்கட்டும்.

எல்லாத் தாளையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். கடைசி டியூ கட்டிய அன்று நிதி நிறுவனத்திடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்கி, ஆர்.சி.யில் ஏறியிருக்கும் அடமானத்தை நீக்கும் வரை அந்தப் பைக்கு வேலை இருக்கிறது.