கரிசல் பூமியில் பீச் வாலிபால்

"நம்ம மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. பீச் வாலிபால் எதுக்கு சார்?" என்று திருத்தங்கல் பையன் ஒருவன் கேட்டான். நான் பி.டி. வாத்தியார். "கடல் வேண்டாம்டா, 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் இருந்தா போதும்" என்றேன்.

சிவகாசிப் பக்கம் வாலிபால் புதுசில்லை. பட்டாசு ஆலை விட்டு வரும் அண்ணன்மாரைப் பார்த்தே பிள்ளைகள் ஆடப் பழகுகிறார்கள். ஆனால் ஆறு பேர் ஆட்டத்தில் நெட்டையன் அடிப்பான், குட்டையன் பந்தை எடுப்பான். மற்றவன் வேலை இவனுக்குத் தெரியாது. மணலில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர், மாற்று ஆள் கிடையாது. 8 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தை இருவரும் காக்க வேண்டும். சர்வீஸை எடுத்தவனே எழுந்து ஓடி அடிக்கவும் வேண்டும். விரல் நுனியால் பந்தைத் தட்டிப்போட முடியாது. வெயிலும் காற்றும் ஒரே அணிக்குச் சாதகமாகிவிடாதபடி ஏழு பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள்.

அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவின் கார்ச் கிராலி 11 வயதிலேயே அப்பாவோடு ஜோடி சேர்ந்து மணல் போட்டியில் இறங்கியவர். 1984 ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆடும் அமெரிக்க உள்ளரங்க அணி, எதிரணி சர்வீஸ்களை எடுக்கும் பொறுப்பை அவரிடமும் ஆல்டிஸ் பெர்சின்ஸிடமும் மட்டுமே விட்டது. மணலில் இருவராக ஆடியவருக்கு அது பழகின வேலை. அந்த ஆண்டும் 1988-லும் தங்கம். 1996-ல் பீச் வாலிபால் ஒலிம்பிக்குக்கு வந்தபோது, கென்ட் ஸ்டெஃப்ஸோடு மூன்றாவது தங்கம். அப்போது வயது 35. மணலில் மொத்தம் 148 பட்டங்கள். கடைசிப் பட்டம் 44 வயதில். பிறகு பயிற்சியாளராக, டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் உள்ளரங்க அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தார்.

கதை கேட்ட பையன் மணலில் இறங்கினான். தரையில் ஓடுவது மாதிரியே வேகமாக ஓடிவந்து குதித்தான். கால் புதைந்தது, உடம்பு முன்னால் பாய்ந்து நெட்டில் விழுந்தான். "கடைசி ரெண்டு எட்டையும் சின்னதா வை, நேரா மேல எழும்பு" என்றேன். இப்போது அதற்கே மூச்சு வாங்குகிறான்.

பள்ளிக் கல்வித்துறைப் போட்டிகளில் பீச் வாலிபாலும் உண்டு. அதில் ஜெயிப்பது அப்புறம். முதலில் அவன் சர்வீஸ் எடுக்கப் படிக்கட்டும். ஆறு பேர் அணியிலும் அப்படி ஒருவனைத்தான் தேடுகிறார்கள்.