இணையத்தில் கிடைக்கும் லேபிள் வடிவங்கள்: நம்பி எடுக்கலாமா?

அரிசிப் பைக்கும் மசாலா பாக்கெட்டுக்கும் படம் போட ஒரு காலத்தில் ஓவியரையும் அச்சகத்தாரையும் நாடிச் சென்றோம். இன்று முத்துப்பேட்டைக் கடையில் அமர்ந்தபடியே கைப்பேசியில் ஆயிரம் வடிவங்களைப் பார்க்கலாம். பலவும் இலவசம் என்கிறார்கள். மாதிரி பார்க்காமல் சரக்கு எடுக்காத நாம், இதையும் சோதித்தே எடுக்க வேண்டும். பார்க்க வேண்டியவை நான்கு.

1. உரிமம்: சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்றால் வியாபாரத்துக்கும் இலவசம் என்று பொருளல்ல. 'வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி' என்று தளத்தில் எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். உரிம விவரமோ முகவரியோ இல்லாத தளத்தையும், பெரிய கம்பெனிகளின் சின்னங்களை அள்ளித் தரும் தளத்தையும் ஒதுக்குங்கள். பிறர் படைப்பைத் தெரிந்தே எடுத்தாண்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

2. தனித்தன்மை: கான்வா போன்ற தளங்களில் உள்ள படங்களை யாரும் எடுக்கலாம். அவற்றைக் கொண்டு அமைத்த சின்னத்தை டிரேட் மார்க்காகப் பதிவு செய்ய அத்தளத்தின் விதி இடம் தருவதில்லை. நாம் அச்சிட்ட அதே மயிலை மன்னார்குடியில் இன்னொருவர் அச்சிட்டால் தடுக்க வழியில்லை. ஆகவே சின்னத்தை மட்டும் ஓவியரிடம் புதிதாக வரையச் செய்து, உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிரேட் மார்க் பதிவகத்தின் அரசுத் தளத்தில் அதுபோன்ற சின்னம் ஏற்கெனவே உள்ளதா என்று கட்டணமின்றித் தேடலாம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

3. எழுத்துரு: எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கூகுள் ஃபாண்ட்ஸில் உள்ள ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்ற தமிழ் எழுத்துருக்கள் வணிகத்துக்கும் இலவசம். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். புரூஃப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

4. அச்சுக்குப் பொருத்தம்: திரையில் பளிச்சென்று தெரியும் படம் அச்சில் மங்கலாம். அங்குலத்துக்கு 300 புள்ளியாவது வேண்டும். பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் கோப்பு இன்னும் நல்லது. சாக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளாக் செய்ய வேண்டியிருப்பதால், நிறம் கூடக் கூடச் செலவும் கூடும்.

இவற்றோடு சட்டம் கேட்கும் விவரங்களும் உண்டு. பாக்கெட் செய்பவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், பச்சை நிறச் சைவக் குறி ஆகியவற்றுக்கு வெளிநாட்டு வடிவங்களில் இடமே இருக்காது.

ஆக, பொங்கல் வாழ்த்துக்கும் தள்ளுபடி அறிவிப்புக்கும் இலவச வடிவம் தாராளமாகப் போதும். ஆண்டுக்கணக்கில் நம் பெயரைச் சுமக்கப் போகும் பைக்கு அது போதாது. ஓவியருக்குக் கொடுக்கும் கூலி, அச்சடித்த பைகளைக் கட்டுக் கட்டாகக் கழித்துப் போடும் நட்டத்தைவிடக் குறைவே.