ஆயிரம் ரூபாய்க்கு ஒரு தபால் தலையா?!

ஒரே ஒரு தபால் தலை. முகமதிப்பு ஆயிரம் ரூபாய்! அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஆயிரம்! இலங்கையில் 1920-களில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகத்தைப் போட்டு அப்படி ஒன்றை வெளியிட்டார்கள், தெரியுமா? அது எவ்வளவு பெரிய தொகை என்று புரிய வேண்டுமானால் மலையகத்துக்குப் போக வேண்டும். 1929-இல் அங்கே தேயிலைத் தோட்டத்தில் ஆண் தொழிலாளிக்குச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்ச நாள்கூலி 54 சதம். நம் ஆட்கள் ஐந்து வருஷம், ஞாயிறுகூட விடாமல் கவ்வாத்து வெட்டி, ஒரு வாய்ச் சோறுகூட வாங்காமல் சேர்த்திருந்தாலும் அந்த ஒற்றைத் தலையை வாங்கியிருக்க முடியாது!

சரி, ஆயிரம் ரூபாய்க்கு ஒட்டி அனுப்பும்படி அப்படி என்ன கடிதம்? அப்படி ஒரு கடிதமே கிடையாது! தபாலுக்கும் செல்லும், அரசு வரிக்கும் செல்லும் என்று ஒரே தலையை இரண்டுக்கும் அடித்த காலம் அது. பெரிய தொகைகள் போய் ஒட்டிக்கொண்டது பத்திரங்களிலும் ஆவணங்களிலும்தான். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றத்தில் 500 டாலர் தலை இருந்தது. கென்யா-உகாண்டாவில் 100 பவுண்டுக்கே ஒன்று!

வேடிக்கை இங்கேதான் ஆரம்பம். பேனாவால் கையெழுத்துப் போட்டுச் செல்லாததாக்கிய வரித்தலைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு; தபால் முத்திரை விழுந்ததற்கோ கிராக்கி. விடுவார்களா? மையைக் கழுவிவிட்டுப் போலி முத்திரை குத்தி விற்ற கில்லாடிகள் உண்டு. அதனால் பெரிய தொகைத் தலை ஒன்று மலிவாகக் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம்.

பிரிட்டனின் 5 பவுண்டு ஆரஞ்சுத் தலை 1882-இல் வந்தது. அது ஏற்கெனவே தந்திக் கட்டணத்துக்காக இருந்த அச்சு! ‘தந்தி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘தபால்’ என்று போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அஞ்சலகத்தின் உள்கணக்குகளிலேயே அது பெரும்பாலும் தீர்ந்துபோனது. அடுத்த 5 பவுண்டுத் தலைக்கு அந்த நாடு 1977 வரை காத்திருந்தது.

தந்தி என்றதும் ஒரு திருட்டுக் கதை! லண்டன் பங்குச்சந்தையின் தந்தி அலுவலகம், 1872. தந்தி கொடுக்க வருகிறவர் ஒரு ஷில்லிங் கட்டுவார்; ஊழியர் தந்திப் படிவத்தில் தலையை ஒட்டி முத்திரை குத்தி வைத்துக்கொள்வார். ஒட்டியது கள்ளத்தலை, ஷில்லிங் போனது சட்டைப்பைக்கு! அந்தப் படிவங்கள் பின்னால் அழிக்கப்பட வேண்டியவை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் சில எப்படியோ வெளியே கசிந்தன. 26 வருஷம் கழித்து, 1898-இல், சார்லஸ் நிசன் என்ற வியாபாரி கண்டுபிடித்தார். தலையின் மூலைகளில் இருந்த எழுத்துகள், அசல் தாளில் வரவே முடியாத சேர்க்கைகளில் இருந்தன! செய்தவர் யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. இன்று அந்தக் கள்ளத்தலைகள் அசலைவிடப் பல மடங்கு விலை போகின்றன. என்ன நியாயமோ!

மறுபடி பெரிய தொகைக்கு வருவோம். ஜெர்மனி 1923? பணவீக்கத்தில் 5,000 கோடி மார்க் தலை வரை அடித்தார்கள். டிசம்பர் பிறந்தபோது சாதாரண உள்நாட்டுக் கடிதத்துக்கு அதில் இரண்டு தேவைப்பட்டது!

இனி நம் பெருமைக்குரியது. 1948 ஆகஸ்ட் 15, முதல் சுதந்திர தின ஆண்டுவிழா. காந்தி நினைவாக நான்கு தலைகள். ஒன்றரையணா, மூன்றரையணா, பன்னிரண்டணா, அப்புறம் ஒரே தாவாகப் பத்து ரூபாய்! ஒன்றரையணாத் தலையைப்போல நூறு மடங்குக்கும் மேல். கதர் நூற்கச் சொன்ன மனிதரின் தலையை அச்சிட்டது எங்கே தெரியுமா? சுவிட்சர்லாந்தில், கூர்வாசியே அச்சகத்தில்! நல்ல அச்சு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் நெருடத்தான் செய்கிறது.

அந்தப் பத்து ரூபாய்த் தலையில் நூறே நூறை எடுத்து, ‘சர்வீஸ்’ என்று மேலச்சு அடித்துக் கவர்னர் ஜெனரலின் அலுவலக உபயோகத்துக்குக் கொடுத்தார்கள். அப்போது கவர்னர் ஜெனரல் யார்? நம் ராஜாஜி! காந்தியின் சம்பந்தி! உலகிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கையில் அச்சான தலைகளில் அதுவும் ஒன்று. ஒட்டியபடியே இருக்கும் நான்கு தலைத் துண்டு ஒன்று 2017-இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது!

2011-இல் காந்திக்கு நூறு ரூபாய்த் தலை வந்தது. இந்தமுறை காகிதத்தில் அல்ல, நிஜக் கதர்த்துணியில் அச்சடித்தார்கள். தாமதமான பரிகாரம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

பெரிய தொகை எப்போதும் விலைபோகும் என்று நம்பிவிடாதீர்கள். 1930-இல் அமெரிக்கா கிராஃப் செப்பலின் ஆகாயக் கப்பலுக்காக 65 சென்ட், 1.30 டாலர், 2.60 டாலர் என மூன்று தலைகளை, ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் அச்சிட்டது. நாடே வேலையில்லாமல் தவித்த நேரம். விற்றது ஏழு சதவீதம் அளவுக்குத்தான், மிச்சத்தை அழித்துவிட்டார்கள்! அதனாலேயே இன்று அவற்றுக்கு அத்தனை மவுசு.

அழகாகப் பாதுகாத்த புதுத்தலை நிறையப் பேரிடம் இருக்கும். நிஜமாகவே ஒரு பார்சலைச் சுமந்து வந்த பெரிய தொகைத் தலை, அதுவும் தேதி தெளிவாகத் தெரியும் முத்திரையோடு உறையிலேயே இருப்பதுதான் அபூர்வம். ஆகவே வெளிநாட்டுப் பார்சல் வந்தால் அவசரப்பட்டுத் தலையைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள். உறையை முழுசாக எடுத்து வையுங்கள். முகவரிச் சீட்டும் எடைக் குறிப்பும் அதிலேயே இருக்கட்டும்.