புகை அளக்கும் கருவியைச் சரிபார்த்தல்

உமியை எரித்து நெல் அவிக்கும் ஆலைகளில், உலை செம்மையாக எரிகிறதா என்பதைப் புகைபோக்கியிலேயே அளந்தறியக் கைக்கருவிகள் உள்ளன. அவை புகையிலுள்ள பிராணவாயுவையும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவையும் அளந்து காட்டும். நிறமும் மணமும் அற்ற இந்நச்சுவாயு உயிரையே பறிக்க வல்லது. அது மிகுதல் எரிபொருள் வீணாவதற்கும் அடையாளமாகும்.

முத்திரை பெறாத எடைக்கல்லை நாம் ஏற்பதில்லை. சரிபார்க்கப்படாத கருவியின் கணக்கையும் ஏற்கலாகாது. முதலாவதாக, புகை அண்டாத திறந்தவெளியில் கருவியை இயக்க வேண்டும். அங்கே பிராணவாயு நூற்றுக்கு 20.9 பங்கும், நச்சுவாயு பூஜ்யமும் காட்டுதல் வேண்டும். அடுத்து, அளவு சான்றளிக்கப்பட்ட வாயுவைச் சிலிண்டரிலிருந்து செலுத்த வேண்டும். சிலிண்டரில் பத்து லட்சத்திற்கு 500 பங்கு எனக் குறித்திருக்க, கருவி 350 எனக் காட்டுமாயின், வாயுவை உணரும் உறுப்பு தளர்ந்துவிட்டது எனலாம். அக்கருவி ஆபத்தைக் குறைத்தே கூறும். எண் நிலைத்தபின் அதனைத் திருத்த வேண்டும். திருத்தத்திற்கு அடங்காவிடில் அவ்வுறுப்பை மாற்ற வேண்டும். குழாயில் கசிவிருப்பின் வெளிக்காற்று கலந்து அளவு பொய்க்குமாதலால், அதனையும் சோதித்தல் இன்றியமையாதது.

ஆகவே, ஆலையைச் சோதிக்க வருவோரிடம், கருவி இறுதியாகச் சரிபார்க்கப்பட்ட நாளைக் கேட்டறிவது பஞ்சாயத்து உறுப்பினர்களின் பொறுப்பாகும்.