சண்டீகர் நாற்காலிகள்

குமாஸ்தா ஒருவர் இருபது வருஷம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி பல லக்ஷம் ரூபாய்க்கு ஏலம் போகிறதென்று சொன்னால், நமது நேயர்களிற் பலர் அதைக் கட்டுக்கதையென்றே எண்ணுவார்கள். அது ராஜாக்கள் வீற்றிருந்த சிம்மாசனமன்று. தந்தமோ வெள்ளியோ இழைத்ததுமன்று. தேக்கு மரச் சட்டம். முதுகுக்கும் இருக்கைக்கும் பிரம்புப் பின்னல். இரு புறத்திலும் கவராயத்தை விரித்து நிறுத்தினாற்போன்ற கால்கள். இவ்வளவே. ஆயினும் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் ஏல மண்டபங்களில் இந்நாற்காலிக்காகத் தனவந்தர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையை ஏற்றி வருகின்றனர். அது நமது தேசத்து ஸர்க்கார் ஆபீஸ்களில் கிடந்த சாமான் என்பதையும், அதை வெளியே தள்ளியவர்கள் நாமே என்பதையும் நேயர்கள் அறிய வேண்டும்.

1947-ம் வருஷத்தில் பஞ்சாப் இரு துண்டானபோது, லாகூர் எல்லைக்கு அப்பாற் போயிற்று. கிழக்குப் பஞ்சாப் தலைநகரின்றி நின்றது. புது நகருக்கு முதலில் திட்டம் வகுத்தவர் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கர். அவரோடு உழைத்த மாத்யூ நோவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் மாண்டார். அதன்மேல் பி. எல். வர்மா என்ற எஞ்சினீயரும் பி. என். தாப்பர் என்ற உத்தியோகஸ்தரும் ஐரோப்பாவுக்குச் சென்று, கட்டிடக் கலையிற் பெருங்கீர்த்தி வாய்ந்த லெ கார்புஸியேயைப் பேசி அமர்த்தினார்கள். 1951-ல் அவர் வந்தார். மாக்ஸ்வெல் ப்ரை, ஜேன் ட்ரூ என்ற ஆங்கில தம்பதிகளும், லெ கார்புஸியேயின் சிற்றப்பன் மகன் முறையான பியேர் ழான்னரேயும் உடன் வந்தனர். லெ கார்புஸியே வருஷத்திற்கு இரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். ழான்னரேயோ அங்கேயே தங்கி, 1965 வரையில் அந்த வெயிலிலும் புழுதியிலும் வேலை பார்த்தார். 1967-ல் ஜினீவாவில் அவர் காலஞ்சென்ற பிறகு, அவரது விருப்பப்படி அவருடைய சாம்பல் சண்டீகரிலுள்ள ஸுக்னா ஏரியிற் கரைக்கப்பட்டது. கூலிக்கு வந்துபோன அந்நியர் என்று அவரை ஒருவரும் சொல்ல முடியாது.

புதிய நகரத்தில் ஹைக்கோர்ட்டு, ஸெக்ரடேரியட், சட்டசபை, ஸர்வகலாசாலை, ஆஸ்பத்திரி, உத்தியோகஸ்தர் குடியிருப்புகள் எல்லாம் எழும்பின. கட்டிடம் எழும்பினால் போதுமா? ஜட்ஜு முதல் பில்-கலெக்டர் வரையில் எல்லாருக்கும் உட்கார இடம் வேண்டாமா? ஆயிரக்கணக்கில் நாற்காலியும் மேஜையும் புத்தக அலமாரியும் வேண்டியிருந்தன. அவற்றை ழான்னரே வரைந்தார். அவரோடு சேர்ந்து வரைந்தவர்களில் யு. இ. சௌத்ரி என்னும் இந்திய மாதரசி முக்கியமானவர். கட்டிடக் கலையைத் தொழிலாகக் கொண்ட நமது பெண்களில் முன்னோடி. வரைந்த படத்தை உள்ளூர்ப் பட்டறைகளுக்குக் கொடுத்து, அங்குள்ள தச்சர்களைக் கொண்டு தேக்கிலும் ஷீஷம் மரத்திலும் செய்வித்தார்கள். பிரம்புப் பின்னல் காற்றை விடும். வெயிற்காலத்தில் முதுகு வேர்க்காது. கால்கள் தடித்திருப்பது முரட்டு உபயோகத்தைத் தாங்குவதற்காக. கைக்கருவிகளை மட்டும் கொண்டு ஒரு சாதாரணத் தச்சன் செய்து முடிக்கத்தக்க இணைப்புகளாகவே எல்லாம் அமைந்தன. பல பட்டறைகளிற் செய்ததால் ஒரே மாதிரி நாற்காலிகளிலும் அங்குலக் கணக்கில் வித்தியாசமுண்டு. எந்த ஆபீஸுக்கு உரியது என்று காட்டும் எழுத்துக்களும் எண்ணும் சாயத்தால் பின்புறத்தில் எழுதப்பட்டன. இந்த எழுத்துக்களை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

கட்டிடங்களும் இந்த நாற்காலிகளும் ஒரே குணத்தின. காங்கிரீட்டின்மேல் சாந்து பூசி வழவழப்பாக்காமல், அச்சுப் பலகையின் தழும்போடு அப்படியே விடுவது லெ கார்புஸியேயின் வழக்கம். பச்சைக் காங்கிரீட் என்று பொருள்படும் 'பெத்தோன் ப்ரூத்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே 'ப்ரூடலிஸம்' என்ற பெயர் மேல்நாட்டிற் பரவிற்று. அப்பெயரைக் கேட்டு அதில் ஏதோ குரூரம் இருப்பதாகச் சிலர் மயங்குகிறார்கள். அதிலுள்ளது ஒளிவு மறைவின்மை மட்டுமே. விளக்கும் அவ்வாறே. ஸுக்னா ஏரிக் கரைக்கும் பாக்ரா அணைக்குமாக லெ கார்புஸியே உருவகப்படுத்திய குட்டையான காங்கிரீட் விளக்குக் கம்பத்தை இத்தாலியக் கம்பெனி ஒன்று அதே உருவத்தில் வார்த்து விற்கிறது. மகாயுத்தம் முடிந்த பின் இருபது முப்பது வருஷ காலத்து நாற்காலிகளையும் விளக்குகளையும் தேடிச் சேர்ப்பது இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பெரும் மோகம். டென்மார்க்கின் தச்சு வேலைக்கும் அமெரிக்காவின் ஒட்டுப்பலகை நாற்காலிக்கும் இருக்கும் கிராக்கி அதனால் வந்ததே. அந்த மோகத்தின் கண் சண்டீகரின்மேல் விழுந்தபோது, நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

கழித்துக்கொண்டிருந்தோம். ஸர்க்கார் ஆபீஸில் ஒரு சாமானைக் கழிவென்று எழுதும் முறையை நமது நேயர்கள் அறிவார்கள். பின்னல் கிழிந்தால் புதுப் பின்னல் போட நாலு கையெழுத்து வேண்டும். கழித்துவிட ஒரு கையெழுத்துப் போதும். இரும்பு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்திறங்கின. தேக்கு நாற்காலிகள் மொட்டை மாடிகளிலும் கொல்லைகளிலும் ஒன்றன்மேலொன்றாய்க் குவிந்து மழையில் நனைந்தன. வருஷாந்தரக் கழிவு ஏலத்தில் பழைய சாமான் வியாபாரிகள் அவற்றை அற்ப விலைக்கு எடுத்தார்கள். 1990-களின் கடைசியிலிருந்து பிரெஞ்சு வியாபாரிகள் சிலர் வந்து, அந்த ஏலங்களிலேயே கேட்டும், ஏலமெடுத்தவர்களிடம் வாங்கியும், கப்பற்பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோனார்கள். நகரத்தின் வரைபடம் வார்க்கப்பட்ட சாக்கடை மூடிகள்கூடத் தப்பவில்லை.

இதைப் படித்துவிட்டு அந்த வியாபாரிகளைத் திருடர் என்று வைவது எளிது. நாம் அப்படி வையத் தயாராயில்லை. ஸர்க்கார் ஏலத்தில் பணம் கட்டி ரசீது பெற்றவனுக்குப் பாத்தியதை சுத்தமானது. வக்கீல் தொழிலில் பல வருஷம் கழித்தவர்கள் என்ற முறையில் வேறு விதமாகச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. அன்றியும், அந்த நாற்காலிகளுக்குப் பெயரிட்டு, வரைந்தவர் யாரென்று ஆராய்ந்து, படமெடுத்துப் புஸ்தகம் போட்டவர்களும் அவர்களே. நம்மைப்பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறோம். நமது அச்சுக்கூடம் இடம் மாறியபோது, ப்ரூப் திருத்தும் பழைய தேக்கு மேஜைகள் இரண்டைப் பழைய சாமான்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்தோம். அவற்றின் இடத்தில் இன்று இருப்பவை மூன்றாவது முறையாகக் கால் ஆடுகின்றன. சண்டீகர் உத்தியோகஸ்தர்களை ஏளனம் செய்யும் அருகதை நமக்கில்லை.

எய்மி ஸீகல் என்னும் அமெரிக்க மாது 2013-ல் எடுத்த ஒரு படம், இந்நாற்காலிகளின் யாத்திரையைப் பின்னோக்கிக் காட்டுகிறது: முதலில் மேல்நாட்டுச் செல்வர் வீடுகள், பிறகு ஏல மண்டபம், பிறகு பழுது பார்க்கும் பட்டறை, கப்பல், முடிவில் சண்டீகர். அந்தப் படத்தின் பிரதியொன்றையே அதே வருஷம் லண்டனில் ஏலத்திலும் விட்டார்கள். விலையாகாதது ஒன்றுமில்லை போலும்!

சட்டத்திற்கு வருவோம். 1972-ம் வருஷத்துப் புராதனப் பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, ஒரு பொருள் புராதனப் பொருளாவதற்கு நூறு வயது ஆக வேண்டும். ஏட்டுச் சுவடிகளைப் போன்றவற்றுக்கு மட்டும் எழுபத்தைந்து போதும். 1955-ல் செய்த நாற்காலி 2055-ல்தான் அந்த அந்தஸ்துக்கு வரும். 1970-ம் வருஷத்து யுனெஸ்கோ உடன்படிக்கையை எடுத்துக்கொண்டாலும், தளவாடங்கள் நூறு வருஷத்திற்கு மேற்பட்டவையாயிருக்க வேண்டுமென்றே அதிலும் கண்டிருக்கிறது. 2016-ல் சண்டீகரின் காபிடல் கட்டிடத் தொகுதியை உலகப் பாரம்பரியச் சொத்தாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கௌரவம் இடம்பெயராத கட்டிடத்திற்கே, உள்ளேயிருந்த நாற்காலிக்கன்று. 2011-ல் மத்திய ஸர்க்காரின் உள்நாட்டு இலாகா இத்தகைய சாமான்களை ஏலம் விடுதல் கூடாதென்று உத்தரவிட்டது. பிறகு ஒரு கமிட்டி 12,000-க்கு மேற்பட்ட உருப்படிகளைக் கணக்கெடுத்தது. நல்ல காரியந்தான். ஆனால் அந்த உத்தரவு ஸர்க்கார் கையிலுள்ள சாமானைக் கட்டுப்படுத்துமேயன்றி, முன்னரே வெளியே போய்த் தனியார் கிடங்குகளில் கிடப்பதைக் கட்டுப்படுத்தாது.

அதே 1972-ம் வருஷத்துச் சட்டத்தில் மற்றொரு வாசல் திறந்தே கிடக்கிறது. நூறு வயதாகாத கலைப்பொருளையும், அதன் கலைச் சிறப்பைக் கருதிக் 'கலைச் செல்வம்' என்று மத்திய ஸர்க்கார் கெஜட்டில் அறிவிக்கலாம். செய்தவர் உயிரோடிருக்கும் வரையில் அறிவிக்கலாகாது என்பதொன்றே தடை. அறிவித்துவிட்டால், சொந்தக்காரர் வைத்துக்கொள்ளலாம், உள்நாட்டில் விற்கலாம், தேசத்தை விட்டு வெளியேற்ற மட்டும் முடியாது. இவ்விதம் ரவீந்திரநாத தாகூர், ரவிவர்மா, அம்ருதா ஷேர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் முதலிய ஒன்பதின்மரின் படைப்புகள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஒன்பதின்மரும் சித்திரக்காரர்கள் என்ற முறையில் அந்த வரிசையில் வந்தவர்கள். நாற்காலி செய்தவன் கலைஞனல்லன் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, வழக்கந்தான் சொல்லுகிறது.

ஓர் அந்நியர் வரைந்ததைத் தேசத்தின் செல்வம் என்பது தகுமா என்று நமது தேசபக்தர்கள் சிலர் கேட்கக்கூடும். மேற்படி ஒன்பதின்மரில் நிக்கலஸ் ரோரிக் ருஷியாவிற் பிறந்தவர். இந்தியாவைத் தமது வீடாகக் கொண்டு இங்கேயே உயிர் நீத்தாரென்பதால் அவரை நாம் நம்மவர் என்றோம். ழான்னரேக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்? மேலும், வரைந்தவர் கை ஒன்று. இழைத்த கைகளும் பின்னிய கைகளும் பஞ்சாபினுடையவை. அந்தத் தச்சர்களின் பெயர்களை மேல்நாட்டு ஏல ஜாபிதாக்களிற் காணோம். ஒரு மனிதரின் பெயருக்கு விலை ஏறும்போது, ஒரு ஜனக்கூட்டத்தின் உழைப்பு 'ஸ்தலப் பட்டறை' என்ற இரண்டு வார்த்தைகளில் அடங்கிவிடுகிறது. நமக்கு மனம் பொறாத இடம் இதுவே.

இத்தகைய சாமான்களை உபயோகித்துக்கொண்டே காப்பது நமது ஜனங்களுக்குக் கைவராத வித்தையென்று சொல்வாருமுளர். அவர்கள் புதுச்சேரிக்குப் போய் அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பார்க்கட்டும். சண்டீகருக்கு முற்பட்ட கட்டிடம் அது. ஆண்டனின் ரேமண்ட் வரைய, 1930-களின் பிற்பாதியில் வேலை தொடங்கிற்று. கூடவிருந்து வேலையை நடத்தியவர் ஜார்ஜ் நாகஷிமா என்னும் ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவிற் செய்த மேஜைகளுக்கும் நாற்காலிகளுக்கும் இன்று ஏலத்தில் எட்டாத விலை. அந்த விடுதியிலோ, பூசாத காங்கிரீட்டும், தேக்குத் தள்ளுகதவுகளும், அதற்கென்றே செய்த தேக்குத் தளவாடங்களும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அங்கே தங்குவோர் அவற்றைத் துடைத்து வைப்பதைத் தங்கள் கடமையில் ஒன்றாகக் கொண்டிருக்கிறார்கள். எந்தக் கெஜட் அறிவிப்பும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் எல்லா ஸர்க்கார் ஆபீஸும் ஆசிரமமாகிவிடாது. ஆகவே பார்லிமெண்டு அங்கத்தினர்களும் பொதுஜன ஊழியர்களும் கலைச் செல்வ அறிவிப்பைக் கேட்டு வாங்க வேண்டுமென்பது நமது உறுதியான அபிப்பிராயம். அதோடு, கணக்கெடுத்த ஒவ்வோர் உருப்படிக்கும் புகைப்படமும் எண்ணும் அளவும் கொண்ட பதிவை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நாளை ஒரு நாற்காலி திருட்டுப்போய்ப் பாரிஸில் தலைகாட்டினால், இது எங்களுடையது என்று நிரூபிக்க அந்தப் பதிவைத் தவிர வேறு சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் எடுபடுவது துர்லபம்.

நமது தேசத்திலேயே இவற்றைச் சேர்க்க விரும்பும் கனவான்களுக்கும் ஒரு வார்த்தை. போலி நாற்காலிகள் மலிந்துவிட்டன. புதிதென்று சொல்லியே புதிதாய்ச் செய்பவர்கள்மேல் நமக்குக் குறையில்லை. பெங்களூரில் ஒரு பட்டறையும், இத்தாலியில் காஸினா கம்பெனியும் அவ்வாறே செய்து விற்கின்றன. புதியதைக் கறையேற்றிப் பழையதென்று விற்பவனே ஜாக்கிரதைக்குரியவன். பழைய நாற்காலி கைக்கு வந்தால், முதலில் கேட்க வேண்டியது எந்த வருஷத்து எந்த ஏலத்தில் எடுத்ததென்ற காகிதம். அது இல்லையென்றால், அந்தச் சாமான் ஒரு ஸர்க்கார் ஆபீஸிலிருந்து இரவில் நடந்து வந்ததாயிருக்கலாம். காகிதம் சரியாயிருந்து வாங்கினால், பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று பின்புறத்துச் சாய எழுத்துக்களை இழைப்புளி போட்டுச் சீவ விடாதீர்கள். கோணலாக எழுதப்பட்ட அந்த நாலைந்து எழுத்துக்கள்தாம் அது எந்தக் காரியாலயத்தில், எந்த அறையில் கிடந்ததென்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே தஸ்தாவேஜு.